கண்ணாடியை மறந்து வந்தவர்

எழுத்தையே நம்பிப் பிழைத்த ஒருவன், எழுத்தறிவு என்றால் என்னவென்று கற்பதற்குத் தனது ஐம்பத்தாறாவது வயதில் பல்கலைக்கழகத்திற்குப் போனான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். என் நண்பர்களும் சிரித்தார்கள். 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெல்பேர்னிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், எழுத்தறிவுக் கல்வியில் முதுமாணிப் பட்டப்படிப்புக்கு எனக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தியைக் கொழும்பிலிருந்த பழைய பத்திரிகை நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "என்ன ஐசே, முப்பது வருசமா எழுதினது காணாதெண்டு இப்பதான் ஆனா ஆவன்னா படிக்கப் போறீரோ?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னது பின்னர் எனக்கு உண்மையாகிவிட்டது. அதைத்தான் இன்று எழுத விரும்புகிறேன்.

நான் அந்தப் படிப்பை நாடியதற்கு ஒரு காரணம் இருந்தது. புலம்பெயர்ந்து வந்த பின்னர், சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பாடசாலையொன்றில் தொண்டராகப் பணியாற்றிவந்தேன். மூன்று நான்கு ஆண்டுகள் படித்த பிள்ளைகளிற் பலர் ஒரு பந்தியைத் தடங்கலின்றி உரத்து வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும், "இதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசிக்கிறார்கள், ஆனால் விளங்கவில்லை. அப்படியானால் அவர்கள் செய்வது வாசிப்புத்தானா? எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கற்கலாமே என்று புறப்பட்டேன்.

பகுதிநேரமாக, மாலை வகுப்புகளில், மூன்று ஆண்டுகள் படித்தேன். உடன் படித்தவர்கள் அனைவரும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்கள். வயதில் என் பிள்ளைகளையொத்தவர்கள். முதலாவது ஒப்படையை எழுதிக் கொடுத்துவிட்டு, பத்திரிகைக்காரன் எழுதியதல்லவா, பாராட்டு வரும் என்று சற்று இறுமாப்புடன் காத்திருந்தேன். திரும்பி வந்த தாளில் எட்டு இடங்களில் "ஆதாரம் எங்கே?" என்று எழுதப்பட்டிருந்தது. இறுதியில், "உங்கள் முடிவை முதற்பந்தியிலேயே சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் ஏன் வாசிக்கவேண்டும்?" என்றொரு குறிப்பு. முக்கியமானதை முதலில் சொல், எஞ்சியதை இடமிருந்தால் போடு என்பது செய்தி எழுதும் முறை. முப்பது ஆண்டுகளாகக் கைவந்த அந்தப் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு இரண்டு தவணைகள் தேவைப்பட்டன.

நாங்கள் படிக்கத் தொடங்கிய காலத்தில் அவுஸ்திரேலியாவில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. சிறுவர்களுக்கு வாசிப்பை எப்படிக் கற்பிப்பது என்பதை ஆராய மத்திய அரசு அமைத்த தேசிய விசாரணைக் குழு, 2005 டிசெம்பரில் தனது அறிக்கையை வெளியிட்டிருந்தது. எழுத்தையும் அதன் ஒலியையும் இணைத்து, ஒழுங்கான வரிசையில், நேரடியாகக் கற்பிக்கவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. நல்ல கதைகளையும் நூல்களையும் சூழவைத்து, பொருளை ஊகித்து வாசிக்கப் பழக்கினால் எழுத்துக்கள் தாமாகவே வந்து சேரும் என்பது மறுதரப்பின் நிலைப்பாடு. இந்தச் சண்டை அமெரிக்காவில் 1955இல் ருடோல்ஃப் ஃபிளெஷ் எழுதிய நூலோடு சூடுபிடித்தது. 1967இல் ஜீன் சால் அம்மையார் அதற்கு "மாபெரும் விவாதம்" என்றே பெயரிட்டார். அதே 1967இல் கென்னத் குட்மன், வாசிப்பு என்பது ஓர் ஊகிப்பு விளையாட்டு என்று எழுதினார். நான் வாழும் விக்டோரியா மாநிலத்தில் இப்பொழுது ஒலிமுறைத் தரப்பு வென்றுவிட்டது. 2025ஆம் ஆண்டிலிருந்து தொடக்க வகுப்புகளில் நாளொன்றுக்குக் குறைந்தது 25 நிமிடங்கள் அம்முறையிற் கற்பிக்கவேண்டும் என்று அரசு விதித்திருக்கிறது.

ஆனால் 2006இல் எங்கள் வகுப்பறை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு மாலை எங்கள் விரிவுரையாளர், தாமே இட்டுக்கட்டிய குறியீடுகளால் அச்சிட்ட ஒரு பக்கத்தைக் கொடுத்து, "வாசியுங்கள்" என்றார். அரை மணித்தியாலம் போராடி ஒரு வரியைத் தாண்டினோம். ஒவ்வொரு குறியாகக் கண்டுபிடித்துச் சொல்லின் கடைசிக்கு வரும்பொழுது அதன் தொடக்கம் மறந்துபோயிருந்தது. ஆறு வயதுக் குழந்தையின் நிலையை எங்களுக்கு உணர்த்துவதே அவரின் நோக்கம்.

அடுத்த வாரம் நானும் கரும்பலகையில் ஒன்று எழுதிக் காட்டினேன். "கொ" என்ற எழுத்து. "இதில் மூன்று உருவங்கள் இருக்கின்றன. முதலிலும் கடைசியிலும் இருப்பவை சேர்ந்து ஓர் உயிரோசை. நடுவில் இருப்பது மெய். ஆனால் உச்சரிக்கும்பொழுது நடுவிலிருப்பதுதான் முதலில் வரும்" என்றேன். தோழிகள் வியந்தார்கள். கு, சு, து, மு என்று ஒரே உயிர் ஒவ்வொரு மெய்யோடும் வேறு வேறு வளைவெடுப்பதையும் காட்டினேன். எங்கள் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 247 என்றதும் ஒருவர் தலையிற் கைவைத்துக்கொண்டார். எங்கள் எழுத்துக்கு உறவான கன்னட எழுத்தைப் பிள்ளைகள் கற்கும் வேகம் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தேன். ஆங்கிலப் பிள்ளை சில மாதங்களில் 26 எழுத்துக்களின் வடிவத்தையும் அறிந்துவிடுகிறது. எங்கள் வகை எழுத்துக்களை முழுமையாக வசப்படுத்தப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் ஆகின்றன. நான் எப்படிக் கற்றேன் என்பது எனக்கு நினைவில்லை. அரிசியில் விரல் பிடித்து "அ" எழுதிவித்ததிலிருந்து ஒரு பத்திரிகையைக் கையிலெடுத்தது வரையுள்ள அந்த நெடுந்தூரம் என் நினைவிலிருந்து முற்றாக அழிந்திருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்தத் தூரத்தை மறந்துபோனவர்கள்தான்.

இரண்டாவது ஆண்டில் வளர்ந்தோர் எழுத்தறிவு என்ற பாடம் வந்தது. கற்பித்தவர், வாசிக்கத் தெரியாத வளர்ந்தவர்களோடு நீண்டகாலம் பணியாற்றிய ஓர் அம்மையார். முதலாவது வகுப்பில் அவர் கோட்பாடு எதுவும் சொல்லவில்லை. வெண்பலகையில் சில வாக்கியங்களை மட்டும் எழுதினார்.

"கையில் அடிபட்டிருக்கிறது, நீங்களே நிரப்பிவிடுங்கள்." "வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாகப் பார்க்கிறேன்." "இங்கே வெளிச்சம் போதாது." "நீங்கள் சாப்பிடுவதையே எனக்கும் சொல்லுங்கள்." "கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன்."

"இவை வாசிக்கத் தெரியாதவர்கள் சொல்லும் வார்த்தைகள். இவற்றிற் கடைசியாக உள்ளதுதான் நான் அதிகம் கேட்டது" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் அன்று நான் குறிப்பெடுக்கவில்லை. நான் இருபத்தொன்பது ஆண்டுகள் பின்னால் போயிருந்தேன்.

1978. கொழும்பிலிருந்து வெளியான ஒரு தமிழ் நாளேட்டில் இரவு ஆசிரியபீடத்தில் நான் துணை ஆசிரியன். எழுத்துக்களை ஈயத்தில் கோத்து அச்சிட்ட காலம். அச்சுக்கூடத்திலிருந்து அச்சுப்படிகளை எடுத்து ஒப்புநோக்காளர்களிடமும் எங்களிடமும் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஒரு சிற்றூழியர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். அவரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் காத்த ஒன்றை இப்பொழுது சொல்லப்போகிறேன். பெயரையாவது விட்டுவிடவேண்டும்.

வேலையில் அவரைப்போல் துல்லியமானவரை நான் கண்டதில்லை. வெளிநாட்டுச் செய்தியின் படி என் மேசைக்கும், விளையாட்டுச் செய்தியின் படி மூலைமேசைக்கும், மரண அறிவித்தல்கள் விளம்பரப் பகுதிக்கும் ஒருநாளும் மாறாமற் போய்ச் சேரும். அச்சுக்கோப்பாளர் கையிற் கொடுக்கும்பொழுது ஒருமுறை சொன்னால் போதும். ஈரம் காயாத பத்துத் தாள்களையும் வரிசை குலையாமற் கொண்டுவருவார். அதுமட்டுமல்ல, நாட்டு நடப்பில் அவருக்குத் தெரியாதது எதுவும் இருக்கவில்லை. பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார், தேயிலை விலை ஏறியதா, உலகத்தில் எங்கே போர் என்று தேநீர் வேளையில் எங்களோடு சரிக்குச் சரி பேசுவார். சில வேளைகளில், "ஐயா, முந்தாநாள் நம்ம பேப்பர்ல வேற மாதிரி போட்டிருந்தோமே?" என்று எங்கள் தவறையே சுட்டிக்காட்டுவார். அவர் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை இரவு, பக்கங்கள் முடியும் நேரம். என் மேசையருகே வந்து நின்றார். கையில் ஒரு கடிதம்.

"ஐயா, ஊருல இருந்து கடுதாசி ஒன்னு வந்துருக்கு. கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

"வைத்துவிட்டுப் போங்கள், முதற்பக்கம் முடியட்டும்" என்றேன். அவர் வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் டெலிபிரின்டரிலிருந்து கிழித்தெடுத்த தாள்கள் அதன்மேல் விழுந்தன. நான் மறந்துபோனேன். புதன்கிழமை வாசலருகே நின்று, "அந்தக் கடுதாசி ஐயா..." என்றார். "ஓ, இருக்கிறது, இருக்கிறது" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை மேசையைத் துப்புரவாக்கியபொழுது அது அகப்பட்டது. அப்பொழுதுதான் பிரித்து வாசித்தேன்.

அவரின் அக்கா எழுதுவித்த கடிதம். கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் தோட்டத்து ஆசிரியர் என்ற குறிப்பும் அடியில் இருந்தது. அக்காவின் குடும்பத்திற்கு இந்தியா போவதற்கான ஏற்பாடுகள் எல்லாம் முடிந்துவிட்டன. வியாழக்கிழமை கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போகிறார்கள். இனிமேல் எப்பொழுது காண்போமோ தெரியாது, புதன்கிழமைக்குள் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ, வராமல் இருந்துவிடாதே என்று இரண்டு தடவை எழுதியிருந்தது.

வியாழக்கிழமை போய் இரண்டு நாட்கள் ஆகியிருந்தன.

கடிதத்தோடு அச்சுக்கூடத்திற்கு ஓடினேன். வாசித்துக் காட்டினேன். குற்ற உணர்வு சிலரைப் பணியவைக்கும். என்னை அது சினங்கொள்ள வைத்தது. "இவ்வளவு முக்கியமான கடிதத்தை ஏன் ஐந்து நாட்கள் என்னிடம் விட்டுவைத்தீர்கள்? மறுநாள் கண்ணாடியைக் கொண்டுவந்து நீங்களே வாசித்திருக்கலாமே!" என்று, அச்சுக்கோப்பாளர்கள் கேட்டுக்கொண்டிருக்க, சத்தமிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கண்ணாடி இல்லீங்களே ஐயா" என்றார். பிறகு, காய்ந்துகொண்டிருந்த அச்சுப்படியை எடுத்துக்கொண்டு மாடிப்படியேறிப் போனார்.

அவர் கண்ணாடி அணிந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து மெல்பேர்ன் வகுப்பறையில், அந்த வெண்பலகையின் முன்னிருந்துதான் அதை யோசித்தேன். எழுதத் தெரியாத அக்காவிடமிருந்து வாசிக்கத் தெரியாத தம்பிக்கு வந்த கடிதம் அது. இடையில் எழுத்தறிந்தவர்கள் இருவர் இருந்தோம். தோட்டத்து ஆசிரியர் தமது வேலையைச் செய்துவிட்டார்.

வாசிக்கத் தெரியாதவர் எப்படிப் பத்திரிகைச் செய்திகளையெல்லாம் அறிந்திருந்தார் என்ற கேள்விக்கும் அந்தப் படிப்பே விடை தந்தது. கோவும் டன்மரும் 1986இல் முன்வைத்த ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. வாசித்து விளங்குதல் என்பது, எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டு விளங்கும் திறனையும் பெருக்கி வருவது என்பார்கள். கூட்டுவதல்ல, பெருக்குவது. இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். எங்கள் அலுவலகத்தில் ஒப்புநோக்காளர்கள் இருவர் இருவராக அமர்வார்கள். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிப்பார், மற்றவர் அச்சுப்படியிற் கண்ணோட்டிப் பிழை திருத்துவார். அந்த அறையின் வாசலிற்தான் அவருடைய வாங்கு. மறுநாட் பத்திரிகை முழுவதையும், தலைப்பிலிருந்து மரண அறிவித்தல் வரை, நாட்டிலுள்ள எந்த வாசகருக்கும் முன்னர் காதாற் கேட்டவர் அவர். எங்கள் ஆசிரியத் தலையங்கங்களின் இலக்கணத் தமிழும் அவருக்குக் காதால் வந்திருந்தது. செவி நிறைந்திருந்தது. எழுத்து மட்டும் இல்லை.

எங்கள் சனிக்கிழமைப் பாடசாலைப் பிள்ளைகள் இதற்கு நேர்மாறானவர்கள். எழுத்தை ஒலியாக்கிவிடுவார்கள். ஆனால் வீட்டிற் கேட்கும் தமிழ் வேறு, புத்தகத்திலுள்ள தமிழ் வேறு. பேச்சுமொழியும் எழுத்துமொழியும் இவ்வாறு பிரிந்திருக்கும் நிலையைச் சார்ள்ஸ் பேர்கசன் 1959இல் விளக்கியபொழுது தமிழையும் குறிப்பிட்டிருந்தார். அந்த எழுத்துமொழி பிள்ளைகளின் செவியில் ஒருநாளும் விழுந்ததில்லை. அவர்களுக்கும் பெருக்கினால் பூச்சியந்தான். நான் எந்தக் கேள்வியோடு படிக்கப் போனேனோ, அதன் விடை 1978இலேயே ஒப்புநோக்காளர் அறை வாசலில் ஒரு வாங்கில் அமர்ந்திருந்தது.

எழுத்தறியாதவர் சிந்தனையிற் குறைந்தவர் என்ற எண்ணம் படித்தவர்களிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. எனக்கும் இருந்தது. இல்லாவிட்டால், அவ்வளவு பேசத் தெரிந்தவருக்கு வாசிக்கவும் தெரியும் என்று ஏன் எண்ணினேன்? சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் லைபீரியாவின் வாய் மக்களிடையே செய்த ஆய்வை 1981இல் நூலாக வெளியிட்டார்கள். அம்மக்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் தாமே உருவாக்கிய எழுத்து முறை ஒன்றிருக்கிறது. அதைப் பாடசாலையிலன்றி ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று, கடிதங்களுக்கும் கணக்குக்கும் பயன்படுத்தினார்கள். எழுத்தறிந்ததால் மட்டும் மனிதரின் சிந்தனை பொதுவாக உயர்ந்துவிடுகிறது என்பதற்கு அவ்வாய்விற் சான்று கிடைக்கவில்லை. எழுத்து, எதற்குப் பயன்படுகிறதோ அந்த வேலையில் மனிதரைத் தேர்ந்தவராக்குகிறது. அவ்வளவுதான்.

அவர் ஏன் படிக்கவில்லை? இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. கன்னங்கரா அவர்களை நாமெல்லோரும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் தோட்டங்களில் அது ஒழுங்காக நுழையவில்லை. அங்கிருந்த பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே நெடுங்காலம் இருந்தன. பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1970களின் பிற்பகுதியிலேயே அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத்தொடங்கின. அதற்குள் அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வயதில் தோட்டத்திற் பேர் பதிந்தவர் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். பாடசாலை இடாப்பிற் பதியவேண்டிய பெயர் செக்ரோலிற் பதியப்பட்டது. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்தப் பங்கீட்டைப் பற்றி நாங்கள் எத்தனை செய்திகள், எத்தனை தலையங்கங்கள் எழுதியிருப்போம்! அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிய ஓர் அக்காவின் கடிதம் என் மேசையில், டெலிபிரின்டர் தாள்களின் கீழ்க் கிடந்தது.

விரிவுரைகளில் பாவுலோ பிரேயிரேயைப் பற்றி அடிக்கடி பேசினோம். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளருக்கு நாற்பது மணித்தியால வகுப்புகளில் எழுத்தறிவித்தவர். அந்நாட்டில் அன்று எழுத்தறியாதவருக்கு வாக்குரிமை இல்லை என்பதால் அது வெறும் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையாக இருக்கவில்லை. அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவர் சிறையிலடைக்கப்பட்டார். பின்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். அவரைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை சமர்ப்பித்தேன். நல்ல புள்ளிகள் கிடைத்தன. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பத்தாண்டுகள் ஒரே கூரையின் கீழ் எங்களோடு வேலை செய்தவருக்கு, நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் எழுத்துச் சொல்லிக் கொடுக்க எங்களில் ஒருவராலும் முடியாமல் போயிற்று. எங்களுக்கு அது தேவையென்றே தெரியவில்லை. சுற்றிலும் ஈய எழுத்துக்கள் பெட்டி பெட்டியாக இருந்தன.

எழுத்தறிவு என்பது ஒருவரிடம் இருக்கும் அல்லது இல்லாத ஒரு பொருள் அல்ல, அவர் எங்கே, யார் முன்னால் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்று பிரயன் ஸ்ட்ரீட் 1984இல் எழுதினார். இதைப் படித்தபொழுது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். தமிழும் ஆங்கிலமும் நன்கறிந்த எழுதுவினைஞர். 1956இன் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பிறகு சிங்களத்தில் மட்டும் கடிதங்கள் வரத்தொடங்கின. அவற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு, சிங்களம் தெரிந்த ஒருவரின் வீட்டுக்குப் போவார். ஏன் இருட்டிய பிறகு போனார் என்பது அப்பொழுது எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது ஆண்டில் களப்பயிற்சிக்காக, புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஓர் ஆங்கில வகுப்பில் சில மாதங்கள் உதவியாளனாக இருந்தேன். அக்காலத்தில் அவர்களுக்கு அரசு வழங்கிய வகுப்புக்காலம் 510 மணித்தியாலங்கள். அந்த உச்சவரம்பை 2021இல் நீக்கிவிட்டார்கள். எந்த மொழியிலும் எழுத்தறியாமல் வந்தவர்களுக்கு 510 மணித்தியாலம் எம்மாத்திரம்? அந்த வகுப்பில் சூடானிலிருந்து வந்த ஒரு தாய் இருந்தார். ஒரு நாள் எழுத்துப் பயிற்சி நடந்துகொண்டிருக்கையில், தமது கொப்பியின் கீழிருந்து ஒரு கடித உறையை அரைவாசி வெளியே இழுப்பதும் மீண்டும் உள்ளே தள்ளுவதுமாக இருந்தார். வகுப்பாசிரியை அதைக் கண்டார். பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அவரருகே கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, மெல்லிய குரலில் அந்தக் கடிதத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டினார். மகனின் பாடசாலையிலிருந்து வந்தது. மறுநாள் காலை பதில் கொடுக்கவேண்டியது.

பின்னர் அந்த ஆசிரியையிடம், கடிதத்தையே பாடமாக்கியிருக்கலாமே என்று, கோட்பாடு படித்த மாணவனாகக் கேட்டேன். "நாளை அதைப் பாடமாக்குவேன். அவர் வாசிக்கக் கற்பதற்கு இரண்டு ஆண்டுகள் ஆகலாம். கடிதம் நாளைக் காலைவரைதானே காத்திருக்கும்?" என்றார்.

மூன்று ஆண்டுகளில் நான் படித்த நூல்களும் கட்டுரைகளும் ஒரு அலுமாரியை நிரப்பும். அவையெல்லாம் எனக்குப் பயன்பட்டன. சனிக்கிழமை வகுப்பில் இப்பொழுது பிள்ளைகளுக்கு முதலில் நிறைய வாசித்துக் காட்டுகிறோம். எழுத்துத் தமிழ் காதில் விழவேண்டும் என்பதற்காக. ஆனால் அந்த ஆசிரியையின் ஒரு வாக்கியத்திற்கு நிகராக வேறெதையும் நான் கற்கவில்லை. எழுத்தறிவிப்பது நெடுங்காலப் பணி. அது முடியும்வரை, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவேண்டும், கேட்ட உடனே வாசித்துக் காட்டவேண்டும்.

யுனெஸ்கோ 1958இல் தந்த வரைவிலக்கணப்படி, தமது அன்றாட வாழ்வு பற்றிய ஓர் எளிய சிறு கூற்றை விளங்கி வாசிக்கவும் எழுதவும் கூடியவர் எழுத்தறிவுள்ளவர். இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பத்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 96 வீதத்தினர் எழுத்தறிவுள்ளவர்கள். பெருமைப்படவேண்டிய எண்தான். எஞ்சிய நான்கு வீதத்தினரைப் பற்றி எண்ணும்பொழுது எனக்கு ஒரு முகம் தெரிகிறது.

1983 யூலைக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பவில்லை. விசாரித்தேன். தோட்டத்திற்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், இந்தியாவுக்குப் போனதாக இன்னொருவர் சொன்னார். எவரிடமும் முகவரி இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவருக்கு நான் கடிதம் எழுதியிருப்பேன் என்பதை நினைக்கச் சங்கடமாக இருக்கிறது. அதை அவர் யாரிடம் கொண்டுபோய் நிற்பார்?

இறுதி ஆய்வறிக்கையின் நன்றியுரையில் அவரின் பெயரைத் தட்டச்சுச் செய்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன்.

கடந்த மாதம் மருத்துவரின் காத்திருப்பு அறையில் எண்பது வயதைக் கடந்த நம்மவர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர் என்று பேச்சில் அறிந்தேன். சற்று நேரத்தின் பின்னர் சட்டைப்பையிலிருந்து அரசாங்கக் கடிதமொன்றை எடுத்தார். ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சிட்ட நான்கு பக்கங்கள்.

"தம்பி, கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். இதில என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாக்கிறீரே?"

கடிதம் வெளியே வந்த அதே பையில் கண்ணாடிக் கூடும் இருந்தது. நான் அதைக் காணாதவன்போற் கடிதத்தை வாங்கினேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அடுத்தவரை முதலில் அனுப்புமாறு சொல்லிவிட்டு, நான்கு பக்கங்களையும் வாசித்து முடித்தேன்.